கருப்பட்டியும் சீனிதான்

கல்முனைக்குடியில் வீடுகளுக்குச் செல்லும்போது, சீனி வருத்தமுள்ள ராத்தாமார் பலர் சொல்வார்கள்: "சீனிய விட்டுட்டன் தங்கச்சி, கருப்பட்டியத்தான் கடிச்சிக் குடிக்கன்." யுத்தமும் 2004 சுனாமியும் கணவரைப் பறித்த வீடுகளில் உழைப்பவர்களும் இவர்களே. இவர்கள் நோயில் படுத்தால் அடுப்பு எரியாது.

சகோதரிகளே, கித்துள் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றும். தேநீருக்கு இனிப்புக் குளிசை போடலாம். கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும். வட்டிலப்பம் அவிக்க உதவாது. சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் கருப்பட்டியின் மணம் வராது.

நோயில்லாதவர்களுக்கே நாளொன்றுக்கு 6 தேக்கரண்டி, அதாவது 25 கிராமுக்குள் சீனி இருப்பது நல்லதென உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. காசு செலவில்லாத வழி, தேநீரில் சிறிது சிறிதாகச் சீனியைக் குறைப்பதே. நாக்கு பழகிவிடும். வட்டிலப்பம் பெருநாளுக்கு ஒரு சிறு துண்டு போதும்.