ஒன்றே முக்கால் ரூபாயில் ஒரு பத்திரிகை

தேவாரத்திலும் போடியிலும் காலையில் டீக்கடைப் பக்கம் போனால், ஒரே பேப்பர் நாலாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் முன் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். நாட்டு நடப்பைத் தினமும் தமிழில் படிக்கும் இந்தப் பழக்கத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855-ல் திருவையாற்றில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் ஆசிரியராக இருந்தார். டி. முத்துசாமி ஐயரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்லவே அவரும், நண்பர் வீரராகவாச்சாரியாரும், நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து 1878 செப்டம்பர் 20-ல் 'தி இந்து' வார இதழைத் தொடங்கினார்கள். முதலீடு ஒன்றே முக்கால் ரூபாய். அதுவும் கடன்! அச்சடித்தது 80 பிரதிகள்.

மாணவர்கள் வக்கீலாகிப் போய்விட்டார்கள். ஆசிரியர்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

ஆனால் ஆங்கிலப் பத்திரிகையை எத்தனை பேர் படிக்க முடியும்? சர்க்காருக்குக் கேட்கும், சம்சாரிக்குக் கேட்காதே! அதனால் 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

விதவை மறுமணம் வேண்டும் என்று எழுதினார். எழுதுவது சுலபம். அவருடைய மகளே சிறுவயதில் விதவையானபோது என்ன செய்தார் தெரியுமா? 1889-ல் பம்பாயில் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். சொந்தக்காரர்களும் ஊராரும் ஒதுக்கினார்கள். மேடையில் கை தட்டியவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு வீட்டில் கை நனைக்கத் துணிந்திருப்பார்கள்?

சமூக சீர்திருத்தம் பற்றிய கருத்து வேறுபாடு பத்திரிகைக்குள்ளும் வந்தது. 1898-ல், 20 வருடம் வளர்த்த 'இந்து'வை விட்டு வெளியேறினார். சோர்ந்து உட்காரவில்லை. அடுத்த வருடமே சுதேசமித்திரனை நாளிதழ் ஆக்கினார். 1904-ல், மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதியாரை உதவி ஆசிரியராக அழைத்துக் கொண்டார். 1908-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அரசு அவரைக் கைது செய்தது. 1916 ஏப்ரலில் காலமானார்.

கணக்குப் படித்தவர்கள் பார்த்தால் இது நஷ்ட வாழ்க்கைதான். தொடங்கிய பத்திரிகை கையை விட்டுப் போனது, சொந்த பந்தம் போனது, உடம்பும் போனது. ஆனால் ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டில் செய்து காட்டினார் பாருங்கள், அந்த வரவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?