தொட்டால் ஆடியாக வேண்டும்

சதுரங்கம் விளையாட்டா என்ற கேள்விக்கு இந்திய அரசு 1961-லேயே பதில் சொல்லிவிட்டது. அர்ஜுனா விருது தொடங்கிய அந்த ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் சதுரங்க ஆட்டக்காரர் மானுவல் ஆரோன். கேல் ரத்னா விருதை முதன்முதலாக, 1991-92-ஆம் ஆண்டுக்காக, வாங்கியவர் விஸ்வநாதன் ஆனந்த். 1999-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயை அங்கீகரித்தது. காகிதத்தில் வழக்கு முடிந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஆனாலும் சென்னையின் ஓரத்திலிருக்கும் பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பி, விடுமுறை நாட்களில் ஏதாவதொரு பள்ளிக்கூட ஹாலில் நடுவராக நிற்கும் எனக்கு அந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். "உட்கார்ந்து ஆடுறதுதானே மேடம், இதையும் ஸ்போர்ட்ஸுன்னு சொல்றீங்களே?"

இதற்குச் சிலர் கலோரிக் கணக்கைப் பதிலாகச் சொல்வார்கள். போட்டி நாளில் ஒரு கிராண்ட்மாஸ்டர் ஆறாயிரம் கலோரி எரிக்கிறார் என்று ஒரு எண் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் அதைச் சொல்வதே இல்லை. நாற்காலியில் இருக்கும் உடம்பு அந்த அளவுக்கு எரிக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. விளையாட்டு என்று நிரூபிக்க வியர்வையைக் கடன் வாங்கவும் வேண்டாம். நடுவராக நின்று பார்த்ததிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் வேறு.

எங்கள் விதிப்புத்தகத்தின் பெரும்பகுதி மூளையைப் பற்றியதல்ல, கையைப் பற்றியது. ஒரு நகர்த்தலை ஒரே கையால்தான் செய்ய வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும்; யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. கை பட்டு ஒரு காய் சாய்ந்தால், தன் நேரம் ஓடும்போதே அதை நிமிர்த்த வேண்டும். கட்டத்தின் நடுவில் காயைச் சரியாக வைக்க விரும்பினால், முன்கூட்டியே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால், அது ஆடக்கூடிய காயாக இருந்தால், அதைத்தான் ஆட வேண்டும். ஆடினால் தோற்போம் என்று தெரிந்தாலும் ஆட வேண்டும். வீட்டில் தாத்தாவோடு ஆடும் சதுரங்கத்துக்கும் ஹாலில் ஆடும் சதுரங்கத்துக்கும் உள்ள தூரம் இதுதான். வீட்டில் மனதில் நினைத்ததை ஆடலாம், நினைப்பு மாறினால் காயைத் திரும்ப எடுக்கலாம். ஹாலில் கை செய்தது மட்டுமே கணக்கு.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "மேம், இவன் குதிரையைத் தொட்டுட்டு யானையை ஆடுறான்." நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததற்கு, சாட்சியில்லாமல், நான் தீர்ப்பு சொல்ல முடியாது. எதிரில் இருந்த பையனிடம், "தொட்டியாப்பா?" என்று கேட்டேன். கடிகாரத்தை நிறுத்தியிருந்தேன். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரையை ஆடினால் ராணி போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? "தொட்டேன் மேம்" என்றான். குதிரையை ஆடினான். ராணி போனது, ஆட்டமும் போனது. எந்த மைதானத்தில் நடந்தாலும் இதை விளையாட்டு என்றுதான் சொல்வோம். பந்து மட்டையில் உரசியதும் நடுவருக்குக் காத்திராமல் நடையைக் கட்டும் ஆட்டக்காரரைப் பெரிதாகக் கொண்டாடுகிறோமே, இந்தப் பையன் அவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவன் அல்ல.

உடம்பு இதில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களை மூன்றாவது மணி நேரத்தில் ஹாலுக்குள் வந்து பார்க்கச் சொல்வேன். முதல் மணி நேரத்தில் எல்லோரும் நேராக உட்கார்ந்திருப்பார்கள், நகர்த்தல்களைத் தெளிவான எழுத்தில் குறிப்பார்கள். போகப்போகத் தோள் தொங்கும், கையெழுத்து கோணும், தண்ணீர் பாட்டில் காலியாகும். தவறான நகர்த்தல்கள் அப்போதுதான் வரத் தொடங்கும். ராஜாவுக்குச் செக் இருப்பதைப் பார்க்காமல் வேறு காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தையும் அழுத்திவிடுவார்கள். முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்போம். இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். அந்தக் குழந்தைக்குச் செக் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை, களைத்துப்போயிருக்கிறது.

பெரியவர்களிலும் இதே கதைதான். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ் - காஸ்பரோவ் போட்டி 48 ஆட்டங்கள் வரை நீண்டது. முடிவு காணாமலே 1985 பிப்ரவரியில் அதை நிறுத்தினார்கள். அதற்குள் கார்ப்போவ் பத்து கிலோ அளவுக்கு இளைத்துப்போயிருந்தார். 2013-ல் நம் சென்னையிலேயே கார்ல்சன் ஆனந்தைத் தோற்கடித்தாரே, ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். சமனில் முடியும் என்று பார்ப்பவர்கள் நினைத்த நிலைகள். கார்ல்சன் விடவில்லை. 58 நகர்த்தல், 67 நகர்த்தல் என்று இழுத்தார். அவருக்கு அப்போது 22 வயது, ஆனந்துக்கு 43. ஆனந்தின் அறிவு கார்ல்சனுடையதற்குக் குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் பதினான்காவது ஆட்டத்தில், டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை வைத்த இடத்தால்தான். ஏறக்குறைய மூன்று வாரப் போட்டியின் முடிவில், களைப்பில் வைத்த யானை அது என்றுதான் நான் படிக்கிறேன். குகேஷோடு மனப்பயிற்சிக்கு இருந்தவர் பேடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர்.

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழா போல. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் போய்விடலாம். அங்கே துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. உடம்பை விலக்கி வைத்துவிட்டு ஆடும் ஆட்டம் இது என்று அதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

ஊக்கமருந்துச் சோதனை சதுரங்கத்திலும் உண்டு. 2008-ல் டிரெஸ்டன் ஒலிம்பியாடின் கடைசிச் சுற்றில் தோற்ற உக்ரைனின் இவான்சுக், சோதனைக்கு நிற்காமல் கிளம்பிப் போனது பெரிய விவகாரமானது. விளையாட்டு என்ற பெயர் வந்தால் அதன் பாரமும் சேர்ந்தே வரும். அதைச் சுமக்கத் தயாராக இருப்பவர்கள் பெயரைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் மூளையைப் பயன்படுத்தும் எல்லா ஆட்டமும் இந்த வரிசையில் வந்து நின்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டாட்டத்தில் பிரிட்ஜை ஒப்புக்கொள்வேன். போட்டிகளில் ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை அடுத்த மேசைக்கும் கொண்டுபோய் ஆடவைக்கிறார்கள். நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்பதற்கு அங்கே இடம் குறைவு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு அதில் தங்கம் வாங்கித் தந்த இருவரில் ஒருவரான பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது. கேரத்தைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆனால் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மிக்காரர்களும் "திறமை விளையாட்டு" என்ற அதே வாசலில்தான் வந்து நின்றார்கள். திறமை இருப்பது மட்டும் போதாது. தோற்றவன் தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுச் செலவுப் பணத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. என் கோடு அங்கே இருக்கிறது.

அங்கீகாரம் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவப் பட்டம் அல்ல. பள்ளியில் ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுப்பார்களா, போட்டிக்குப் போன நாளுக்கு ஆப்சென்ட் போடுவார்களா என்பதுதான் அது. முதலமைச்சர் கோப்பையில் சதுரங்கம் இருக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இருக்கிறது. ஆனாலும் மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்த ஒரு பெண்ணின் படிவத்தில் கையெழுத்துப் போட, "இது கேம்ஸ் பீரியடுல வராதும்மா" என்று சொன்ன பள்ளியை எனக்குத் தெரியும். கிராண்ட்மாஸ்டர்களைப் பெற்ற சென்னையின் ஓரத்தில்தான் இது நடந்தது. குகேஷுக்கு அரசு ஐந்து கோடி கொடுத்தது, மனமார மகிழ்ந்தேன். இந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு கையெழுத்து.

இங்கே சதுரங்கம் பரவியதற்கு இன்னொரு காரணம் இடம். பீர்க்கன்கரணை அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளாக நிரம்பிய ஊர். ஏரி ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. சாலை ஒரு பக்கம். நடுவில் பிள்ளைகள் ஓட எங்கே இடம்? ஒரு மாடி அறையும் நான்கு பலகையும் இருந்தால் போதும், வகுப்பு தொடங்கிவிடும். மைதானத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் அம்மாக்கள் இதற்கு அனுப்புகிறார்கள். மைதானமும் வேண்டும் என்பதே என் கட்சி. சதுரங்கம் அதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

ஒலிம்பிக்கில் சதுரங்கம் பதக்கப் போட்டியாக வருமா என்று கேட்டால், வந்தால் சந்தோஷம், அதற்காகத் தவம் கிடக்க மாட்டேன். 2021-ல் எங்கள் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மாநகராட்சி என்றால் விளையாட்டுக்கென்று பணம் ஒதுக்க முடியும். அதில் சதுரங்கத்துக்கு நான் கேட்பது மாலை ஆறிலிருந்து எட்டுவரை திறந்திருக்கும் ஓர் அறை, நல்ல விளக்கு, குடிதண்ணீர், பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மேசை நாற்காலி. கல்யாண மண்டபத்து நாற்காலியில் ஏழு வயதுக் குழந்தைகள் மூன்று மணி நேரம் முட்டிபோட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.