தனிச் சட்டி வேண்டாம்



நீரிழிவு குடும்பத்தில் ஒருவருக்கு வருகிறது. ஆனால் அவர் உண்ணும் உணவோ வீடு முழுவதற்குமாகச் சமைக்கப்படுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுடன் கோவிலம்பாக்கத்தில் வாழும் நாங்கள், உணவுக் கட்டுப்பாடு என்பது நோயாளியின் தனிக்கடமை அன்று, குடும்பத்தின் கூட்டுப்பொறுப்பு என்று உணர்ந்திருக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடனும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக அது மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கையின் பொருளை நாங்கள் வீட்டிலேயே பார்த்தோம். எங்கள் பெரியத்தாவின் சிறுநீரகங்கள் சர்க்கரையால் பழுதுபட்டன. தம் இறுதி இரண்டு ஆண்டுகளில் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் சென்றார்கள். அவற்றுள் ஒரு நாள் வெள்ளிக்கிழமை என்பதால், ஜும்ஆ தவறுவதே அவர்களுக்குப் பெருந்துயராக இருந்தது. அவர்கள் மறைந்த பின்புதான் எங்கள் வீட்டு அடுப்பு மாறியது.

நம் உணவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலையில் இடியாப்பமும் பாயாவும், மதியம் சோறு, இரவில் தோசை. உருவம் மாறி மூன்று வேளையும் வருவது அரிசியே. தீட்டிய வெள்ளரிசியில் நார்ச்சத்து குறைவு. அதன் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கேழ்வரகும் கோதுமையும்கூட அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றவே செய்யும். ஆகவே எந்தத் தானியம் என்பதோடு, எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

அளவைக் குறைப்பதால் பயனுண்டா என்று ஐயுறுவோருக்குச் சென்னையிலேயே விடை கிடைத்திருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் குறைந்தது 26.4 விழுக்காடு. நோய் வந்துவிட்டவர்கள் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எனினும் தட்டில் செய்யும் மாற்றம் அற்பமானதன்று என்பது இதனால் விளங்கும்.

பல வீடுகளில் நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்கிறார்கள். எல்லோரும் தாள்சாவும் சோறும் உண்ண, அவர் மட்டும் ஓரமாக அமர்ந்து காய்ந்த சப்பாத்தியை மெல்ல வேண்டும். எத்தனை நாள் அவர் அதைப் பொறுப்பார்? எங்கள் வீட்டில் இப்போது அனைவருக்கும் ஒரே சமையல்தான். தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, எஞ்சிய கால் பங்கே சோறு. காயையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறோம். இப்படி உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்காக ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் எங்கள் அன்றாட உணவிலிருந்து விலகின. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், பின்னர் பழகிக்கொண்டார்கள். சர்க்கரை குடும்பவழியாகத் தொடரும் நோய் ஆதலால், இது அவர்களுக்கும் பாதுகாப்பே.

தேனும் பேரீச்சம்பழமும் சுன்னத்தான உணவு, எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். கருஞ்சீரகத்தை மாத்திரைக்கு மாற்றாகக் கொள்வோரும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கென்று அளந்து சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

ரமளானில் இன்னும் கவனம் தேவை. நோன்புக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிடுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184-ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. அதை ஏற்பது ஈமானின் குறைவாகாது. இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி, சிறிது சுண்டல் போதும். சமோசாவும் ரோஸ்மில்க்கும் இல்லாமலும் நோன்பு திறக்கலாம்.

இறுதியாக, விருந்தளிப்போருக்கு ஒரு வேண்டுகோள். வலீமா பந்தியில், "இன்னொரு கரண்டி வாங்கிக்குங்க" என்று பிரியாணியை அள்ளி வைப்பதும், "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது" என்று ரொட்டி அல்வாவை நீட்டுவதும் நம் அன்பின் வழக்கம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது மார்க்கம் நமக்குக் கற்பித்த கடமை. ஆனால் போதும் என்று சொல்பவரின் சொல்லை மதிப்பதும் கண்ணியமே. அந்தப் பந்தியில் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் வேகவைத்த காயும் சேர்த்து வைப்போருக்கு, பல முதியவர்களின் துஆ கிடைக்கும்.

உடலும் வல்ல ரஹ்மான் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. அதைப் பேணும் பொறுப்பை நோயுற்றவர் மீது மட்டும் சுமத்தாமல், ஒரே தட்டில் அமர்ந்து பகிர்ந்துகொள்ள அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.