பாண் வாங்கப் போகும் தூரம்

ரொறன்ரோவில் இருக்கும் என் மகள் போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, இந்த முறை மார்கழியில் வாறம். நாலு நாள் கொழும்புக்கு வெளியே ஒரு வீடு எடுத்து நாங்களே சமைச்சுச் சாப்பிட்டு இருப்பம். எந்த ஊர் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு 74 வயது. அரை மணி நேரம் நடந்தால் இடது முழங்கால் நோகும். ஆனாலும் யோசிக்க வைத்தது முழங்கால் அல்ல. முந்திய ஒரு விடுமுறையில் இதே மகள் சொன்ன ஒரு வார்த்தை.

அந்த முறை மலைநாட்டில் ஒரு பெரிய வீட்டை எடுத்திருந்தோம். படத்தில் பார்த்தே எல்லோருக்கும் பிடித்துப்போன வீடு. நாலா பக்கமும் தேயிலை, காலையில் யன்னல்வரை பனிமூட்டம். குசினியும் நல்ல குசினிதான். ஆனால் கடைக்கு நான்கு கிலோமீற்றர், அதுவும் நடைபாதையே இல்லாத, வளைவுக்கு வளைவு லொறி வரும் சரிவுப் பாதை. ஒரு பால் பக்கெற்றுக்கும் வானைக் கிளப்ப வேண்டும். வான் சாரதி ஒருவர், மருமகனும் பிள்ளைகளும் அருவி பார்க்கப் போனால் வானும் அவர்களோடு போய்விடும். மிஞ்சியது நானும் மகளும் அடுப்பும். காலைக்குப் புட்டு, மத்தியானம் சோறும் மூன்று கறியும், இரவுக்கு இடியப்பம். மூன்றாம் நாள் பின்னேரம் அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, நான் பதினேழு மணித்தியாலம் பறந்து வந்தது இதுக்குத்தானா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன்.

வீட்டுக்காரரில் பிழை இல்லை. அவர் காட்டிய வீட்டைத்தான் தந்தார். நாங்கள் வீட்டைத் தேடினோம், ஊரைத் தேடவில்லை. குசினியோடு வீடு எடுக்கிற எவரும் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்தக் குசினியில் நிற்கப்போகிறவள் சாமான் முடிந்தால் தன் காலால் நடந்து போய் வாங்கி வருவாளா, இன்னொருவரின் தயவுக்குக் காத்திருப்பாளா? நடக்கக்கூடிய ஊரில் சமையல் ஒரு அரைமணி வேலை. நடக்க முடியாத ஊரில் அதுவே பெண்ணைக் கட்டிப்போடும் கயிறு.

என் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட. காலையில் சென் லூசியாஸ் பேராலயத்து மணி கேட்கும். வெள்ளிக்கிழமை அம்மா எங்களைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போவார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த அந்த மண்டபத்தின் குளிர்ச்சி இப்போதும் என் உள்ளங்காலில் இருக்கிறது. வரும் வழியில் மரக்கறி, வெற்றிலை, எங்களுக்கு இனிப்பு. வாகனம் என்ற சொல்லே அந்த அலுவல்களுக்குள் வராது. செட்டியார் தெருவுக்கும் நடை, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தால் அதற்கும் நடை.

விடுமுறை என்று அம்மா போனது கதிர்காமமும் முன்னேஸ்வரமும்தான். ஹோட்டல் எல்லாம் இல்லை, மடம். அரிசி, பருப்பு, தூள், ஒரு பானை, ஒரு அகப்பை இவ்வளவும் மூட்டையில் போகும். மடத்தில் அடுப்புக் கல் இருக்கும், கிணறு இருக்கும். விறகும் மரக்கறியும் வாசலுக்கு எதிரே விற்பார்கள். கோயில் எட்டும் தூரம். இப்போது இணையத்தில் "சமையலறையுடன் கூடிய தங்குமிடம்" என்று புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல எழுதுகிறார்கள். நம் சனம் பல தலைமுறையாக அப்படித்தான் ஊர் போனது. மடம் கட்டிய பெரியவர்கள் அதைக் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் கட்டினார்கள், காட்சி பார்த்து மலை உச்சியில் கட்டவில்லை. உலை வைத்துவிட்டுக் கும்பிடப் போய், சோறு வெந்ததும் திரும்பி வரலாம். அம்மாவும் கும்பிட்டார், அம்மாவும் கடை பார்த்தார், அம்மாவும் மர நிழலில் இருந்து ஊர்க்கதை கதைத்தார்.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். இங்கே நடையின் கணக்கு இன்னும் எளிது. காலி வீதி ஒரு கரை, கடல் மறு கரை, நடுவில் ஏணிப்படி போல ஒழுங்கைகள். என் வீட்டிலிருந்து சந்தைக்கு ஆறு நிமிடம், ரயில் நிலையத்துக்கு ஐந்து, மரீன் டிரைவ் கடற்காற்றுக்கு நான்கு. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நிகழ்ச்சி என்றால் புறப்பட வேண்டிய நேரத்தில்தான் சேலை மாற்றத் தொடங்குவேன். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் காலி வீதிக்கு மறுபக்கம், 57ஆம் ஒழுங்கையில். வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கும் கூறை எடுக்கவும் வருகிறவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று வீடு எடுப்பது சும்மா அல்ல. தோசை மாவும் கருவேப்பிலையும் வாழையிலையும் தையற்காரரும் நகைக்கடையும் கோயிலும் ஒரே நடையில் கிடைக்கும் ஊர் வேறெங்கே இருக்கிறது?

இந்த ஒழுங்கைகளில் எப்போதும் இப்படி நடக்க முடிந்ததில்லை. 1983 ஆடியில் காலி வீதிக் கடைகள் எரிந்ததைப் பார்த்தவள் நான். பிறகு வந்த வருடங்களில் பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனோம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. சில நாள் தங்க வந்த சனத்தின் கதை அது. இன்று அதே ஒழுங்கையில் ஒரு பேரப்பிள்ளை ஐஸ்கிறீமோடு கை வீசி நடக்கிறபோது நான் ஒரு கணம் நின்று பார்ப்பேன். நடக்க முடிகிற ஊர் என்பது வீதியும் வெளிச்சமும் மட்டுமல்ல, பயமில்லாமல் நடக்க முடிகிற ஊர்.

மலைநாட்டுக்குப் போன பிறகு அடுத்த முறை நானே ஊரைத் தெரிவு செய்தேன். அவர்கள் ஆடி, ஆவணியில் வந்தார்கள். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் மூடுவது அப்போதுதான். முதலில் பார்க்க வேண்டியது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் முரடாக இருக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். ஆகவே திருகோணமலை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் போனோம். கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிகிற இடத்தில் பேரன் விழித்துக்கொண்டு வெளியே பார்த்தான். விடிய இறங்கினோம். ஊரின் அமைப்பே நடக்கிறவர்களுக்காக இறைவன் போட்டது போல: ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் ஒடுங்கிய கழுத்தில் நகரம். எந்த வீதியில் தவறினாலும் ஏதோ ஒரு கடல் வந்து வழி சொல்லும். நாங்கள் எடுத்தது டச்சுக்குடாவுக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டின் மேல்தளம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. காஸ் அடுப்பு இரண்டு, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, சுவர் பெயின்ற் உரிந்திருந்தது. வெதுப்பகம் மூன்று நிமிடத்தில், மரக்கறிச் சந்தை பத்து நிமிடத்தில், பத்திரகாளி அம்மன் கோயில் அதற்கும் இப்பால்.

முதல் நாள் காலை என் கணவர் தானாகவே பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் புறப்பட்டார். கொழும்பில் நாற்பது வருடமாக நான் கேட்டும் செய்யாதது. விளைமீனும் இறாலும் வந்தது. மறுநாள் மருமகன் போனான். பேரன் பாணுக்குப் போனான். மகள் வெயில் ஏறுமுன் தனியாகக் கடற்கரைக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள். தேங்காயை யார் துருவினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அது எனக்கு ஞாபகம் இல்லாமல் போனதே அந்த விடுமுறையின் சிறப்பு.

பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு கோணேசர் கோயிலுக்கு நடந்தோம். ஆவணி வெயிலில் அதற்கு முன் நடக்கக் கூடாது. பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் வழி. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை. வாசலில் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்துப் பொறித்த கல்லும் இன்றும் இருக்கின்றன. வாகனத்தில் போனால் இரண்டு வினாடியில் கடந்துவிடுவீர்கள். நடந்து போனபடியால் பேரன் நின்றான், தடவிப் பார்த்தான், "இது ஏன் இங்க இருக்கு அம்மம்மா?" என்று கேட்டான். மரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஏறினோம். சம்பந்தர் பாடிய தலம் என்பதும், ஈழத்தில் பாடல் பெற்றவை இதுவும் திருக்கேதீச்சரமும்தான் என்பதும் அவனுக்கு அந்த ஏற்றத்திலேயே தெரிந்தது. என் முழங்காலுக்காக நான்கு இடத்தில் இருந்தோம். மேலே போனபோது பூசை மணி அடித்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு மட்டும் ஒரு நாள் ஓட்டோ பிடித்தோம், ஏழு கிணறு, ஏழு சூடு.

திருகோணமலையில் இருந்தபோதுதான் பேரன் தன் கைபேசியில் ஒரு வரைபடம் காட்டினான். ஸ்பெயினில் பொன்தெவேத்ரா என்று 80,000 பேருக்கு மேல் வாழும் ஓர் ஊர். 1999 முதல் நகர நடுவிலிருந்து கார்களை விலக்கிவிட்டார்களாம். 2011இல் அந்த நகரசபை ரயில் வரைபடம் போல ஒன்று போட்டது: நிலையங்களுக்குப் பதிலாகச் சந்தை, சதுக்கம், பாலம், இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிட நடை என்று. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அன்றிரவே கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் திருகோணமலைக்கு ஒன்று கீறினோம். வீடு நடுவில். பாண் 3. சந்தை 10. மருந்துக்கடை 7. கோணேசர் 40, அம்மம்மாவோடு 65.

இப்போது மார்கழிக்கு வருகிறார்கள். மார்கழியில் கிழக்கே அடைமழை. ஆகவே இம்முறை தெற்கு, காலிக் கோட்டை. வெள்ளவத்தை நிலையத்தருகே ஓடும் அதே கரையோரப் பாதையில் ரயில் நேரே கொண்டுபோய் விடும். ஒல்லாந்தர் மதிலுக்குள்ளே முழு ஊரும் நடைதான், சரிவும் அதிகம் இல்லை, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக எடுத்த இடம். ஆனால் மகளிடம் ஒன்று சொல்லிவிட்டேன்: கோட்டைக்குள் கோப்பிக் கடைகள் மலிந்திருக்கும், கத்தரிக்காயும் மீனும் வாங்க மதிலுக்கு வெளியே வர வேண்டும். ஆகவே வீடு கோட்டை வாசலுக்குக் கிட்ட இருக்கட்டும், வெளிச்சவீட்டுப் பக்கம் வேண்டாம். புறப்படுமுன் கொழும்பு நூதனசாலைக்கும் ஒருக்கால் போவோம். 1911இல் காலியில் ஒரு வடிகானை மூடிக் கிடந்த கல் அங்கே இருக்கிறது. சீனக் கடற்படையோடு வந்தது, 1409 என்று திகதியிட்டது, சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதியது. தெற்கே தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கல்லே பதில்.

வீட்டுக்காரருக்கு நான் எழுதச் சொன்ன கேள்விகளில் நீச்சல் தடாகம் இல்லை. பாண் கடை எத்தனை நிமிடம், காலை எத்தனை மணிக்குத் திறக்கும்? ஒரு காஸ் சிலிண்டர் முடிந்தால் இன்னொன்று இருக்கிறதா? துருவலை இருக்கிறதா? இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும் ஒழுங்கையில் விளக்கு எரியுமா? மாடி என்றால் எத்தனை படி? நாங்கள் நிற்கும் நாட்களில் போயா வருகிறதா? வந்தால் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும், முதல் நாளே வாங்க வேண்டும். சில வீட்டுக்காரர்கள் "கிட்டத்தான், கிட்டத்தான்" என்பார்கள். அது மோட்டார் சைக்கிள் கணக்கு. நிமிடத்தில் கேட்க வேண்டும், அதுவும் நடக்கும் நிமிடத்தில். பெட்டிக்குள் எங்கள் வீட்டுத் தூளும் நீத்துப்பெட்டியும் கூரான ஒரு கத்தியும் போகும். வாடகை வீட்டுக் கத்தி வெங்காயமும் வெட்டாது.

சின்னப் பேத்தி இந்த முறைதான் முதலில் வருகிறாள் என்று சொல்ல வேண்டும், கைக்குழந்தையாக வந்தது அவளுக்கு நினைவில்லை. ஒன்பது வயது. கனடாவில் அவள் ஒரு கடைக்கும் தனியாகப் போனதில்லையாம். தொலைபேசியில் என்னிடம், "அம்மம்மா, உங்கட மப்பில என்ர இடம் எது?" என்று கேட்டாள். வெள்ளவத்தைக்கும் அதேபோலக் கீறி வைத்திருந்த வரைபடத்தை எடுத்து, எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள கடைக்கு நேரே அவளுடைய பெயரை எழுதினேன். இரண்டு நிமிடம். பல்கனியிலிருந்து பார்த்தால் முழுத் தூரமும் தெரியும். கடைக்கார ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்: மார்கழி பதினெட்டாம் திகதி காலை ஒரு சின்னப் பெண் அரை றாத்தல் பாண் கேட்டு வருவாள், தமிழில் கேட்குமட்டும் கொஞ்சம் பொறுங்கோ.