மர எழுத்தும் ஒரு யந்திரமும்

விமர்சனம் எழுதுகிறவன் சி.என்.சி. ரௌட்டர் வாங்குவதைப் பற்றி எழுதினால் நண்பர்கள் அதில் ஒரு குறியீட்டைத் தேடுவார்கள். குறியீடு ஏதுமில்லை. யந்திரம் யந்திரம்தான், விலை என் நான்கு மாதச் சம்பளம். அந்தப் பணம் என் கட்டுரைத் தொகுதியை அச்சிடுவதற்கென்று ஒதுக்கியது. ஆகவே தேர்வு இரண்டு யந்திரங்களுக்கு இடையே மட்டும் நடந்ததல்ல.

என்னிடம் ஒரு பெட்டி மர எழுத்துக்கள் உண்டு. மூடப்போன ஓர் அச்சகத்திலிருந்து விறகு விலைக்கு வந்தவை. சுவரொட்டி அடித்த எழுத்துக்கள், மூன்று அங்குலமும் நான்கு அங்குலமும். அவற்றை வெட்டியவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபின் தும்பிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் மெல்ல மெல்ல ஓரம் கட்டப்பட்டன. பெட்டியில் பழுதில்லாமல் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இவைதான். உபயோகத்தில் இருந்தவை தேய்ந்தும் தொலைந்தும் போய்விட்டன. 'ஞ' இல்லை. 'ழ' ஒன்றே ஒன்று, அதுவும் கால் உடைந்தது. ஒரு கவிதைத் தலைப்பைக்கூட முழுதாகக் கோர்க்க முடியாது. பெரியவருக்கு இப்போது தோள் ஒத்துழைப்பதில்லை. அரை மணிக்கு மேல் உளி பிடிக்க முடியாது.

வீட்டுப் பின்கட்டில் இரண்டு வருஷமாக ஒரு 3018 இருக்கிறது. 300க்கு 180 மி.மீ. மேஜை, சிறிய டி.சி. மோட்டார், மெல்லிய தண்டுகள். கற்றுக்கொள்கிறவனின் யந்திரம், ஜி-கோட் என்றால் என்னவென்று அதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதில் தேக்கில் ஒரு 'ண' வெட்டிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக்கூட அவர் தேடவில்லை. கட்டை விரலைச் சுழிக்குள் விட்டு ஒரு தரம் ஓட்டினார்.

"சுழி முறியுதுங்க தம்பி."

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். 0.15 மி.மீ. தளர்வு.

விஷயம் இதுதான். திருகு ஒரு திசையில் சுற்றிவிட்டு எதிர்த்திசைக்குத் திரும்பும்போது, நட்டுக்கும் திருகுக்கும் இடையிலுள்ள இடைவெளி தீரும்வரை திருகு சுழல்கிறது, மேஜை நகர்வதில்லை. ஒரு வட்டத்தை வெட்டும்போது இரண்டு அச்சுக்களும் இரண்டிரண்டு தடவை திசை மாறுகின்றன. ஆக நான்கு இடங்களில் ஒரு நுண்ணிய படி விழுகிறது. நேர்கோடுகளாலான ரோமன் 'எச்' போன்ற எழுத்தில் இந்தப் பலவீனம் ஒளிந்துகொள்ளும். தமிழில் அதற்கு ஒளிய இடமில்லை. ஒரு 'ண'வை முடிப்பதற்குள் யந்திரம் எத்தனை தடவை மனம் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தேர்வு இரண்டாகச் சுருங்கியது. ஒன்று 750க்கு 750 மி.மீ. பரப்புள்ள, பெல்ட்டில் ஓடும் யந்திரம். மற்றது 400க்கு 300 மட்டுமே. ஆனால் பால் ஸ்குரூ, லீனியர் கைடு, கனத்த சட்டம், ஒன்றரை கிலோவாட் ஸ்பிண்டில். விலை ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய பரப்பு ஆசை காட்டியது, ஒரே தடவையில் பத்து எழுத்து வெட்டலாமே என்று. ஆனால் ஒரு குறுக்குப் பாலத்தின் நீளத்தை இரட்டித்தால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கிறது. சுற்றுக்கு 40 மி.மீ. நகரும் பெல்ட்டில் ஒரு முழுப் படி 0.2 மி.மீ.; சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்குரூவில் 0.025. படியை மேலும் நுணுக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் நுணுக்கிய படியில் மோட்டாரின் பிடி தளர்ந்துவிடுகிறது, மரத்தின் கடின ரேகை அதைத் தள்ளிவிடும். கணபதியில் ஒரு பட்டறையில் இரண்டாவது வகை ஓடுவதைப் பார்த்தேன். தேக்கில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரே ஓட்டத்தில் இறங்கியது. என் 3018 அரை மில்லிமீட்டருக்கே கூச்சல் போடும்.

ரௌட்டருக்கும் மர எழுத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்து வெட்டவே ரௌட்டரைப் பயன்படுத்தினார். 1834இல் லெவன்வொர்த் அதனுடன் பாண்டோகிராஃபைச் சேர்த்தார். பாண்டோகிராஃபில் ஒரு முனையை மாதிரியின் விளிம்பில் ஓட்டுவது மனிதக் கை. 1952இல் எம்.ஐ.டி.யில் காட்டப்பட்ட எண்முறை மில்லிங் யந்திரத்தில் அந்தக் கை இல்லை. அதற்குச் சற்று முன்பு ஜெனரல் எலெக்ட்ரிக் வேறொரு வழியில் முயன்றது: தேர்ந்த தொழிலாளியின் அசைவுகளை நாடாவில் பதிந்து, திரும்ப ஓட்டுவது. அது கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல, பட்டறையின் அதிகாரத்தைத் தொழிலாளியிடமிருந்து நிர்வாகத்துக்கு மாற்றும் விருப்பமும் காரணம் என்று டேவிட் நோபிள் 1984இல் ஒரு புத்தகம் முழுக்க வாதிட்டார். அந்த நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த வானகட்டின் முதல் நாவல் வந்ததும் 1952இல்தான். அதில் ஒரு கடைசல்காரனின் அசைவுகள் நாடாவில் ஏறி, அவனை அனாவசியமாக்கிவிடுகின்றன.

என் பின்கட்டில் நிர்வாகமும் தொழிலாளியும் நானே. இருந்தாலும் நோபிளின் கேள்வி அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரியவரின் எழுத்தை மைதொட்டு அடித்து, ஸ்கேன் செய்து, திரையில் விளிம்பு விளிம்பாகத் தொடர்கிறேன். அவருடைய 'ண'வில் சுழிகள் சமமில்லை. முதல் சுழி ஒரு மயிரிழை சிறியது. மென்பொருள் அதைச் சரிசெய்து தரட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. வேண்டாம் என்கிறேன். அந்தச் சமமின்மை அவருடைய தீர்மானம். வெட்டப்பட்ட மரத்தில் இருக்கும் கோணல் அவருடையதாக மட்டும் இருக்கவேண்டும். தளர்ந்த யந்திரம் தன் கோணலையும் அதன்மேல் ஏற்றிவிடும், நாமும் அதைக் கைவண்ணம் என்று மெச்சுவோம். (நம் பத்திரிகைகளில் நடை என்று கொண்டாடப்படுவதில் பாதி, லூசான நட்டின் காரியம் என்று எனக்கு ஒரு அபிப்ராயம் உண்டு. அதைத் தனியாக எழுதவேண்டும்.) சின்ன யந்திரத்தை, கனமானதை, தேர்ந்தது இதனால்தான்.

ஆனாலும் எந்த யந்திரத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சுழலும் வெட்டி தன் ஆரத்தைவிடச் சிறிய உள்மூலைக்குள் போகாது. 'க'வின் உள்மூலைகள் வட்டித்துத்தான் வரும். கூம்பு வெட்டியால் அதைச் சமாளிக்கும் உபாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளில் அந்த மூலைகளைக் கையால் செதுக்கி முடித்தார்கள். பெரியவரிடம் கேட்டேன். மூலை மட்டும் என்றால் பார்க்கலாம், கூலி பேசிக்கொள்ளலாம் என்றார். பேசிக்கொண்டோம்.

கட்டுரைத் தொகுதி இன்னொரு வருஷம் பொறுக்கும். இதைக் கேட்ட ஆசிரிய நண்பர் வருத்தம் தெரிவித்தார், சற்று வேகமாகவே தேறிவிட்டார்.

யந்திரம் அடுத்த மாதம் வருகிறது. பலகைகளை எழுத்தின் உயரத்துக்கு, 23.3 மி.மீ.க்கு, இழைத்து வைத்தாயிற்று. முதலில் 'ஞ' வெட்டலாம் என்று பெரியவரிடம் சொன்னேன்.

"'ஞ'வ யாருங்க கேக்கறாங்க? கொம்பும் காலும் மொதல்ல வெட்டுங்க. எப்பவும் பத்தாதது அதுதான்."

கொம்பு பதினைந்து, கால் இருபது என்று குறித்து வைத்திருக்கிறேன்.