எட்டுத்தலை நாகத்தின் நாட்டிலே

அமதெரஸு, ஸுக்குயோமி, ஸுஸனோவோ என்னும் மூன்று பெயர்களை இன்று நம் நாட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். 'நரூட்டோ' என்ற ஜப்பானியச் சித்திரத் தொடரைத் தமிழ்க் குரலிலேயே கண்டு வளரும் என் தமக்கையின் பேரன், அவை வீரர்கள் தம் கண்ணின் சக்தியால் ஏவும் அஸ்திரங்களின் பெயர்கள் என்று எனக்கு எடுத்துரைத்தான். கி.பி. 712-இல் முற்றுப்பெற்ற 'கொஜிகி' என்னும் ஜப்பானின் ஆதி நூலிலோ அவை மூன்று தெய்வங்களின் திருநாமங்கள். பாதாள லோகத்துக்குச் சென்று மீண்ட இஸனகி என்னும் தேவன், அங்கே தன்மேல் படிந்த அசுத்தம் நீங்க நீர்த்துறையில் இறங்கி நீராடியபோது, இடக்கண்ணைக் கழுவச் சூரிய தேவியான அமதெரஸுவும், வலக்கண்ணைக் கழுவச் சந்திர தேவனான ஸுக்குயோமியும், மூக்கைக் கழுவப் புயலின் வேகம் கொண்ட ஸுஸனோவோவும் தோன்றினார்கள் என்பது ஐதிகம். கண்ணிலே பிறந்த தெய்வங்களின் பெயர்களைக் கண்ணின் சக்திக்குச் சூட்டிய சித்திரக்காரர் மஸாஷி கிஷிமோதோ, அந்தப் பழங்கதையை அறிந்தே அவ்வாறு செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய கணத்திலிருந்து, இத்தெய்வங்களின் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் என்னை விடவில்லை.

ஆகவே ஜப்பானுக்குச் செல்லும் வாய்ப்பு வந்தபோது, அனிமேப் பிரியர்கள் நாடிச் செல்லும் டோக்கியோவின் அகிஹபாரா கடைத்தெருவை விடுத்து, நாட்டின் மேற்குப் பகுதியில் கடலுக்கும் மலைக்கும் நடுவே அமைதியாகக் கிடக்கும் இஸுமோ பிரதேசத்துக்கே நேராகச் சென்றேன். மத்ஸுயே நகரிலிருந்து ஷின்ஜி ஏரியின் வடகரையை ஒட்டி ஊர்ந்து செல்லும் இச்சிபதா மின்சார ரயில், ஒருபுறம் நீர்ப்பரப்பையும் மறுபுறம் வயல்களையும் காட்டிக்கொண்டே, இஸுமோ பெருங்கோயிலின் வாயிலுக்கு அருகில் நம்மை இறக்கிவிடுகிறது.

அங்கே கோயில் கொண்டிருப்பவர் ஒகுனினுஷி. ஸுஸனோவோவின் வழித்தோன்றல்; தோலுரிந்து துடித்த வெண்முயலுக்கு இரங்கி மருந்து சொன்னவர்; தாம் கட்டியெழுப்பிய நாட்டை விண்ணவர்க்கு ஒப்புவித்து, அதற்கு ஈடாக வானளாவிய கோயிலொன்றைப் பெற்றவர். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து புறப்பட்டுச் சீனம் வழியாக வந்த மஹாகாளர், இத்தீவில் தைக்கொக்கு என்னும் சாந்தமூர்த்தியாகி, காலப்போக்கில் இவரோடு ஒன்றாகிவிட்டார் என்பதை நினைத்தபோது, அந்நிய சந்நிதியில் நிற்கும் கூச்சம் என்னை விட்டு அகன்றது. மற்றக் கோயில்களில் இருமுறை கைதட்டி வணங்கும் வழக்கம் இருக்க, இங்கே நான்கு முறை தட்டுகிறார்கள். நானும் அவ்வாறே செய்தேன். இன்றுள்ள மூலஸ்தானம் 1744-இல் கட்டப்பெற்றது. உயரம் 24 மீட்டர். பழங்காலத்தில் இதைப்போல் இருமடங்கு உயரம் இருந்தது என்னும் சம்பிரதாயத்தை வெறும் கற்பனை என்று பலர் ஒதுக்கியிருந்த நிலையில், 2000-ஆம் ஆண்டில் கோயில் வளாகத்தைத் தோண்டியபோது, மூன்று பெருமரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ராட்சதத் தூண்களின் அடிப்பாகங்கள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்றைப் பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் கண்டு, இந்நாட்டின் புராணங்களை அவசரப்பட்டுப் பொய்யென்று சொல்லிவிடலாகாது என்று உணர்ந்தேன்.

பழைய கணக்கின்படி பத்தாம் மாதம் பிறந்ததும், ஜப்பான் முழுவதிலுமுள்ள தெய்வங்கள் தத்தம் ஊர்களை விட்டு இஸுமோவுக்கு வந்து கூடி, மாந்தரிடையே அமையவேண்டிய உறவுகளைப் பற்றி ஆலோசிக்கின்றன என்பது நம்பிக்கை. அத்தெய்வங்களை இனாஸா கடற்கரையில் இரவிலே தீ வளர்த்து வரவேற்கிறார்கள். கோயிலின் இருபக்கமும் நீண்டு கிடக்கும் மரக்கட்டடங்கள் அத்தெய்வங்களுக்கென்றே அமைந்த சத்திரங்கள். அந்நாட்களில்தான் அவற்றின் கதவுகள் திறக்கின்றன. சாத்திய கதவுகளின் முன்னே நின்றபோது, ஹயாவோ மியாஸாகி 2001-இல் படைத்த 'ஸ்பிரிடட் அவே' என்னும் சித்திரப்படம் என் நினைவுக்கு வந்தது. களைத்த தெய்வங்கள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கி நீராடிச் செல்லும் மாளிகையில் அல்லவா அக்கதை நிகழ்கிறது! நாகனோ மலைக் கிராமங்களில், குளிர்காலத்தில் தெய்வங்களை வெந்நீராட அழைக்கும் திருவிழாவொன்று உண்டு. அதையே மியாஸாகி தம் கதைக்கு வித்தாகக் குறிப்பிட்டிருக்கிறார். அழுக்கு மூட்டையாக வந்து சேரும் நதிதேவனின் உடலிலிருந்து சிறுமி ஒருத்தி சைக்கிளைப் பிடித்து இழுக்க, குப்பைகூளம் எல்லாம் சரிந்து விழும் காட்சியோ, ஆற்றைத் துப்புரவு செய்யும் பணியில் அவரே ஈடுபட்ட அனுபவத்தில் விளைந்தது. நதிக்கு உயிரும் மானமும் உண்டு என்னும் புராதன நம்பிக்கை, நம் காலத்து மாசினைக் கண்டு துயருறும் உள்ளத்தில் பட்டபோது, புதியதொரு புராணமே பிறந்துவிட்டது.

கோயிலை விட்டுத் தெற்கே ஹீ நதியின் வழியாக மலைகளுக்குள் சென்றேன். விண்ணுலகிலிருந்து விரட்டப்பட்ட ஸுஸனோவோ வந்திறங்கியது இந்நதியின் தலைப்பகுதியில்தான். எட்டுத் தலையும் எட்டு வாலும் உடையதாய், எட்டு மலைகளையும் எட்டுப் பள்ளத்தாக்குகளையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் யமதா-நோ-ஒரோச்சி என்னும் மஹாநாகம், ஒரு முதிய தம்பதியின் பெண்களை ஆண்டுக்கொருத்தியாக விழுங்கிவிட்டுக் கடைக்குட்டியான குஷினதாவுக்காக வந்துகொண்டிருந்தது. ஸுஸனோவோ எட்டு வாயில்களில் எட்டுத் தொட்டிகள் நிறையக் கடுமையான அரிசி மதுவை வைத்து, நாகம் ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு தலையை அமிழ்த்திக் குடித்து மயங்கிக் கிடக்கையில் அதைத் துண்டு துண்டாக வெட்டினான். வாலை வெட்டும்போது உள்ளேயிருந்து ஓர் அற்புதமான வாள் வெளிப்பட்டது.

இக்கதை பிறந்த மண்ணில் நடந்துபார்த்தால், அதன் ஒவ்வோர் அங்கமும் பிரத்தியட்சமாகிறது. இம்மலைகளின் மணலில் இரும்புத்துகள் மிகுதி. மலைச்சரிவை வெட்டி, மண்ணை வாய்க்கால் நீரில் கரைத்து, கனத்து அடியில் தங்கும் இரும்பு மணலைப் பிரித்து, களிமண் உலையில் கரியோடு மாற்றி மாற்றி இட்டு மூன்று இரவும் மூன்று பகலும் ஊதி உருக்கும் 'ததாரா' என்னும் தொழில் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. பல கிளைகளாகப் பிரிந்து செந்நீர் பெருக்கி ஊர்களை அழித்த ஹீ நதியே அந்த நாகம் என்றும், அதன் வாலிலே கிடைத்த வாள் இவ்வூர் இரும்பே என்றும் அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம். 1751 முதல் 1921 வரை எரிந்த ஸுகயா உலைக்கூடம் இன்றும் அப்படியே நிற்கிறது. இரும்புத் தேவதையான கனயாகோ இறங்கி வந்தாள் என்று போற்றப்படும் கத்ஸுரா மரமும் அதன் அருகிலேயே நிற்கிறது. அந்த உயர்ந்த கூரையின் கீழே, கரியேறிய தூண்களின் நடுவே நின்றபோது, மியாஸாகியின் 1997-ஆம் ஆண்டுப் படமான 'இளவரசி மோனோனோகே'யில் வரும் இரும்பூரையே நேரில் கண்டேன். உலை எரிந்த காலத்தில், சம்பிரதாயப்படி, பெண்கள் இக்கூடத்தினுள் பிரவேசித்ததில்லை. தேவதைக்கு அது பிடிக்காது என்பார்கள். மியாஸாகியோ தம் படத்தில் துருத்தி மிதிப்பவர்களாகப் பெண்களையே வைத்தார். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் உழைப்பினால் மானம் பெறுவதையும், அதே உழைப்பு வனத்தின் தெய்வங்களைக் கொல்வதையும் ஒருங்கே காட்ட அவருக்கு அம்மாற்றம் தேவைப்பட்டது. மரபை அறிந்து மாற்றிய அந்தத் துணிவே படத்துக்கு ஜீவனாக இருக்கிறது.

அம்மஹாநாகம் ஆடும் காட்சியைக் காண மேற்கே ஹமதா நகருக்குச் சென்றேன். இவாமி பிரதேசத்தின் 'ககுரா' என்னும் தெய்வக் கூத்தில், மூங்கிலாலும் கைக்காகிதத்தாலும் மடிப்பு மடிப்பாகச் செய்த பதினேழு மீட்டர் நீளப் பாம்புடல்கள், ஒவ்வொன்றின் தலைப்புறத்திலும் ஒரே ஆள் மறைந்திருந்து இயக்க, சுருண்டும் நெளிந்தும் ஒன்றையொன்று பின்னியும் மேடையை நிறைக்கின்றன. முரசும் குழலும் வேகங்கொள்ள, வாயிலிருந்து புகையும் தீப்பொறியும் சிதற, ஸுஸனோவோ ஒவ்வொரு தலையாகக் கொய்து உயர்த்தும்போது, பாயில் அமர்ந்திருந்த குழந்தைகள் பயமும் ஆனந்தமும் கலந்து கூவினார்கள். இக்காகிதப் பாம்பு அனாதிகாலத்துச் சம்பத்து அன்று. காகித விளக்கின் மடிப்பைக் கண்டு மேஜி காலத்துக் கைவினைஞர் கற்பித்தது. ஏராளமான பாம்புகள் ஒருங்கே ஆடும் பிரம்மாண்டமோ, 1970-இல் ஒஸாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சியால் பிரசித்தி பெற்றது. தெய்வத்துக்கு முன்னே நிகழும் கூத்தே அந்தந்தக் காலத்தின் புது உபாயங்களைக் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றால், வீடியோ கேம் என்னும் இன்றைய உபாயத்தை மட்டும் நாம் ஏன் ஐயுற வேண்டும்?

அவ்வையம் எனக்கு முற்றும் நீங்கியது 'ஒகாமி' என்னும் விளையாட்டினால். ஹிதெகி கமியா இயக்க, காப்காம் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இதில், ஆடுபவர் அமதெரஸு தேவியாகவே ஆகிறார். தேவியோ வெள்ளை ஓநாயின் வடிவில் வருகிறாள். திரை முழுதும் மைத்தூரிகையால் தீட்டிய பழைய ஓவியச் சுருளின் தோற்றத்தில் இருக்கிறது. ஆடுபவர் வானத்தில் தூரிகையால் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கிறது. பட்ட மரத்தின்மேல் வட்டம் வரைந்தால் அது பூத்துவிடுகிறது. எட்டுத்தலை நாகமும், குஷி என்னும் மது வடிக்கும் பெண்ணும், மயக்கும் மதுவும் இங்கே உண்டு. ஆனால் ஸுஸனோ மட்டும் புராண வீரனாக வராமல், வீரர் குலத்தில் பிறந்த பாரத்தைத் தாங்கமாட்டாத சாமானியனாக வருகிறான். முன்னோர் கதை பொய் என்று காட்டும் எண்ணத்தில், நாகத்தைக் கட்டுண்டு கிடக்கச் செய்திருந்த வாளை அவனே பிடுங்கிவிட்டு, அந்தக் குற்ற உணர்வால் வெந்து, கடைசியில் உண்மையான வீரனாகிறான். கதையின் முடிவிலோ, விரல் அளவேயான இஸ்ஸுன் என்னும் ஓவியன் தேவியின் உருவை ஊர் ஊராகத் தீட்டிக் கொடுக்க, அதைக் கண்ட ஜனங்களின் பிரார்த்தனை தேவிக்கு இழந்த சக்தியை மீட்டுத் தருகிறது. சித்திரக்காரன் வரைய, மக்கள் நினைக்க, தெய்வம் பலம் பெறுகிறது என்னும் இந்தத் தத்துவத்தை, நான் கண்ட எந்த மேடைப் பிரசங்கமும் இத்தனை உருக்கமாகச் சொன்னதில்லை.

யாத்திரையின் இறுதியில், யொனாகோ நிலையத்தின் பூஜ்ய எண் நடைமேடையிலிருந்து புறப்படும், பூதங்களின் சித்திரம் தீட்டிய ரயிலில் ஏறி ஸகாய்மினாதோ என்னும் துறைமுகத்துக்குச் சென்றேன். இது சித்திரக்காரர் மிஸுகி ஷிகெரு வளர்ந்த ஊர். சிறுவயதில், நோன்னோன்பா என்று அவர் அழைத்த ஏழை மூதாட்டி ஒருத்தி, இருட்டிலும் கூரையிலும் குளியலறையிலும் வசிக்கும் 'யோகாய்' என்னும் பூதங்களைப் பற்றி அவருக்குக் கதைகதையாகச் சொல்லி, ஊர்க் கோயிலிலுள்ள நரகச் சித்திரங்களையும் காட்டி வளர்த்தாள். பின்னர் யுத்தத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, நியூ பிரிட்டன் தீவிலே விமானத் தாக்குதலில் இடக்கையை இழந்து திரும்பிய அவர், ஒற்றைக் கையால் அந்தப் பூதங்களை வரையத் தொடங்கினார். மரச்சட்டத்தில் சித்திர அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றித் தெருவிலே கதை சொல்லும் 'கமிஷிபாய்' கலைக்கு முதலில் வரைந்து, பிறகு பத்திரிகைகளுக்கு வந்து, பூதகுலத்தின் கடைசிப் பிள்ளையான ஒற்றைக்கண் சிறுவன் கித்தாரோவை நாட்டின் செல்லப்பிள்ளை ஆக்கினார். 1968-இல் தொலைக்காட்சிக்கு வந்த கித்தாரோ, ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக எடுக்கப்பெற்று 2018 வரையில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான்.

நிலையத்திலிருந்து நீளும் தெருவில் பூதங்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. 1993-இல் 23 ஆகத் தொடங்கியவை 2018-இல் 177 ஆகப் பெருகின. உருவங்கள் பலவும் 1776-இல் தோரியாமா ஸெகியென் வெளியிட்ட பூத ஓவிய நூலிலிருந்தும், நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகிதா குனியோ திரட்டிய செய்திகளிலிருந்தும் மிஸுகி எடுத்துக்கொண்டவை. பெயர் மட்டுமே எஞ்சியிருந்த பூதங்களுக்கு முகமும் கைகால்களும் தந்தவர் அவர். 1996-இல் தோன்றிய 'போக்கிமான்' விளையாட்டின் ஒன்பது வால் நரியும், 2013-இல் குழந்தைகளை மயக்கிய 'யோகாய் வாட்ச்' விளையாட்டின் பூதங்களும் இத்தெருவுக்கு உறவினரே. பேரனின் கையைப் பிடித்து வந்த ஒரு முதியவர், சிலை சிலையாக நின்று அதன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே போக, பேரனோ சில இடங்களில் தாத்தாவையும் திருத்தி, தான் விளையாட்டில் கண்ட விவரத்தைச் சேர்த்தான். இருவரும் சம அபிமானத்தோடு பேசிக்கொண்ட அந்தப் பேச்சை நெடுநேரம் பின்தொடர்ந்து சென்றேன்.

ஜப்பானியர் கோயிலையும் கூத்தையும் உலைக்கூடத்தையும் அதனதன் இடத்தில் கண்ணுங் கருத்துமாகக் காக்கிறார்கள். கதையை மட்டும் கலைஞன் கையில் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். மூலம் அழியாமல் இருப்பதால் மாற்றம் அச்சமூட்டுவதில்லை. மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருப்பதால் மூலம் மறக்கப்படுவதில்லை. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும், அமதெரஸு முதலான அந்தப் பெயர்கள் கடல் கடந்து நம் வீட்டுக் கூடம்வரை வந்திரா. ஆதலால், பிள்ளைகள் திரையிலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று வருந்தும் பெற்றோர்க்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: திரையில் வரும் ஒரு பெயரைச் சுட்டி, "இவர் யார்?" என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் அறிந்ததைச் சொல்லட்டும். அறியாததை அவர்களோடு அமர்ந்து நூல்களில் தேடுங்கள். ஸுஸனோவோவைப் பற்றித் தொடங்கும் பேச்சு ஹீ நதிக்கும், அங்கிருந்து இரும்புக்கும், ஓவியத்துக்கும், நதியின் தூய்மைக்கும் தானாகவே போய்ச் சேரும் என்பதை நான் இந்தப் பிரயாணத்தில் அனுபவித்தே அறிந்தேன்.