ஹீட்டர் குழாய்

ஏசி வேலை செய்யவில்லை என்று ஒர்க்ஷாப்புக்கு வண்டி வருவதை நம் பக்கம் தினமும் பார்க்கலாம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு வண்டி வந்து நின்றது 2019 ஜனவரியில்தான். மலையணில் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம். கணவன், மனைவி, ஆறு வயசுப் பெண் குழந்தை. வண்டி எழுபதுகளில் செய்த வோக்ஸ்வேகன் கேம்பர் வேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. துருக்கி, ஈரான் வழியாக ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அடுத்தது கொடைக்கானல், கோடையில் லடாக்.

மெக்கானிக் தம்பி எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, வெள்ளக்காரக வந்துருக்காக, இங்கிலீஷும் சரியா வரல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க." நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், மனைவியின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்கள் வகுப்பு பிரெஞ்சிலேயேதான் நடந்தது. அதற்கப்புறம் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியே காலம் போனது. நாக்கு கொஞ்சம் துருப்பிடித்துத்தான் இருந்தது.

அவர் கையில் பழைய பிரெஞ்சுக் கையேடு ஒன்று இருந்தது. குழாய்க்கு அதில் 'கேன்' என்று போட்டிருந்தது. கத்தி உறைக்கும் அதே சொல்தான், பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடைக்கும் அதே சொல்தான். இதைச் சொன்னதும் தம்பி சிரித்த சிரிப்பு அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

நம் கார்களில் ரேடியேட்டர் சுடுதண்ணீரிலிருந்து சூடு எடுப்பார்கள். இந்த வண்டியில் தண்ணீரே கிடையாது. பின்பக்கம் இருக்கும் எஞ்சினை ஒரு ஃபேன் காற்றடித்துக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு, புகைபோக்கிக் குழாயைச் சுற்றி இருக்கும் இரண்டு தகரப் பெட்டிகளுக்குள் போய்ச் சூடாகி, வளையும் குழாய்கள் வழியாக வண்டியின் அடியில் ஓடி முன்பக்கம் வருகிறது. உள்ளே புகை, வெளியே காற்று, நடுவில் ஓர் இரும்புச் சுவர். அவ்வளவுதான் ஏற்பாடு.

வளையும் குழாய்கள் நைந்து கிழிந்து தொங்கின. மாற்றுவதற்குப் புதுசு ஒரு பாக்கெட் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

தம்பி பழையதைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஒரு கத்தையைப் பந்தாகச் சுருட்டிப் புகைபோக்கி வாயில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தார். வெறும் காற்று வரவேண்டிய பெட்டியின் வாயில் புகை வந்தது. உள்ளே இரும்பு துருவேறி ஓட்டையாகி இருக்கிறது.

"அண்ணாச்சி, கிழிஞ்ச குழாய்தான் இவுகள இதுவரைக்கும் காப்பாத்தியிருக்கு. வழியிலயே புகை வெளிய போயிருச்சு. புதுசு மாட்டுனா அம்புட்டும் உள்ள வரும். நான் மாட்ட மாட்டேன்."

இதை எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான மைல் கொண்டு வந்த பொருளை மாட்டமாட்டேன் என்றால் யாருக்கும் கோபம் வரும். அவருக்கும் வந்தது. இந்த ஊரில் ஹீட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்தார். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சொன்னேன். அந்த அம்மாள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். துருக்கியில் குளிருக்கு ஹீட்டர் போட்டு ஓட்டிய நாட்களில் பிள்ளைக்குத் தலைவலி, குமட்டல். பயணக் களைப்பு என்று நினைத்தார்களாம். அப்போது குழாய் இவ்வளவு கிழியவில்லை.

அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. குழந்தை ஷெட்டுக்குள் ஆணி பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

பற்றவைக்க முடியுமா என்று கேட்டார். மெலிந்துபோன இரும்பு, வைத்தாலும் நிற்காது என்று தம்பி மறுத்துவிட்டார். வண்டிக்குள் போகும் இரண்டு குழாய் வாய்களையும் தகர மூடி வெட்டி, கிளாம்பு போட்டு இறுக்கினார். கூலி இருநூறு ரூபாய். பாக்கெட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ராஜபாளையம் கடைத்தெருவில் நல்ல கம்பளி மூன்று வாங்கச் சொல்லி நான் கடை பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பால்கோவா வாங்கச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஏற்கெனவே ஒரு கிலோ வாங்கியிருந்தார்கள்.

ஜனவரியில் கொடைக்கானல் இரவு பத்து டிகிரிக்கும் கீழே போகும். நாலாம் நாள் அந்த அம்மாளிடமிருந்து வாட்ஸப் வந்தது: மூன்று கம்பளிக்குள்ளும் நடுங்கினோம், பிள்ளைக்குத் தலைவலி இல்லை. மே மாதம் இன்னொன்று. ஊரிலிருந்து புதுப் பெட்டிகள் டெல்லிக்குப் பார்சலில் வந்து சேர்ந்து, குழாய்களையும் மாட்டிவிட்டார்களாம். படத்தைத் தம்பியிடம் காட்டினேன். பெரிதாக்கி, கிளாம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்தார். "சரியாத்தான் மாட்டியிருக்காக" என்றார்.